அன்றாடப் பேச்சில் ஹிப்னாடிச மொழி: புதிதாகப் பழகுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மருத்துவரிடம் போக மறுக்கும் தந்தை, தேர்வை நினைத்து நடுங்கும் மகள், வேலையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகும் சக ஊழியர். இப்படி யாரையாவது பேசி ஒரு முடிவின் பக்கம் திருப்ப வேண்டிய தேவை நம் எல்லோருக்கும் வருகிறது. அப்போது நாம் வழக்கமாகச் செய்வது இரண்டுதான். காரணங்களை அடுக்குவோம், அது பலிக்கவில்லை என்றால் குரலை உயர்த்துவோம். எதிரில் இருப்பவர் அதற்குள் காதை மூடிக்கொண்டிருப்பார். ஹிப்னாடிச சிகிச்சையில் பல தலைமுறைகளாகப் பழக்கத்தில் இருக்கும் சில பேச்சு முறைகள் இந்த இடத்தில் உண்மையாகவே உதவுகின்றன. அவற்றை வீட்டிலும் அலுவலகத்திலும் நேர்மையாகப் பயன்படுத்த விரும்புபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது

நாலு வார்த்தை சொன்னால் எதிரில் இருப்பவர் நம் கைப்பாவையாகிவிடுவார் என்று சொல்லி வகுப்பு நடத்துபவர்கள் உண்டு. அந்த வகுப்புகளுக்குப் பணம் கட்டாதீர்கள். இந்தத் துறையின் வரலாறே அதற்கு மாறான பாடத்தைத்தான் சொல்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் ஃபிரான்ஸ் மெஸ்மர் என்ற மருத்துவர், கண்ணுக்குத் தெரியாத ஒரு காந்த சக்தியைக் கையாண்டு நோய் தீர்ப்பதாகச் சொன்னார். 1784-இல் பிரெஞ்சு மன்னர் 16-ஆம் லூயி அதை ஆராய ஒரு குழுவை அமைத்தார். பெஞ்சமின் பிராங்க்ளினும் வேதியியலாளர் லவாய்சியரும் அந்தக் குழுவில் இருந்தார்கள். அப்படி ஒரு சக்தி இருப்பதற்குச் சான்றே இல்லை, நோயாளிகளிடம் தெரிந்த மாற்றங்களுக்கு அவர்களுடைய கற்பனையே காரணம் என்று குழு அறிக்கை கொடுத்தது. மெஸ்மரை மறுக்க எழுதிய அந்த வரியில்தான் இந்தக் கலையின் அடிப்படை இருக்கிறது: வேலை முழுவதும் கேட்பவரின் மனத்துக்குள் நடக்கிறது. ஹிப்னாடிசம் என்ற பெயர் நிலைபெறக் காரணமான ஸ்காட்லாந்து மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்டும், 1840-களில் அதைப் பேசுபவரின் சக்தியாகப் பார்க்காமல், கேட்பவரின் கவனம் ஒரே எண்ணத்தில் குவியும் நிலையாகவே விளக்கினார்.

இன்று "ஹிப்னாடிச மொழி" என்று அழைக்கப்படுவதில் பெரும்பகுதி அமெரிக்க மனநல மருத்துவர் மில்டன் எரிக்சனிடமிருந்து (1901–1980) வந்தது. 17 வயதில் போலியோ தாக்கிப் படுக்கையில் கிடந்த காலத்தில், வீட்டில் இருப்பவர்கள் வாயால் ஒன்றும் உடலால் வேறொன்றும் சொல்வதைக் கவனிக்கப் பழகியவர் அவர். பழைய ஹிப்னாடிசக்காரர்கள் "தூங்கு" என்று கட்டளையிட்ட இடத்தில், "எப்போது வசதியோ அப்போது கண்களை மூடிக்கொள்ளலாம்" என்ற பாணியில் இவர் பேசினார். 1970-களில் ரிச்சர்ட் பேண்ட்லரும் ஜான் கிரைண்டரும் அவருடைய பேச்சை ஆராய்ந்து வாய்பாடுகளாகத் தொகுத்தார்கள். என்எல்பி (நியூரோ-லிங்குவிஸ்டிக் புரோகிராமிங்) என்ற பெயரில் உலகமெங்கும் விற்பனையாவது அதுதான். என் கருத்தில் அதில் மொழி பற்றிய பகுதி பயனுள்ளது. மற்றவற்றை எச்சரிக்கையோடு அணுக வேண்டும். கண் எந்தப் பக்கம் போகிறது என்பதை வைத்துப் பொய்யைக் கண்டுபிடிக்கலாம் என்ற புகழ்பெற்ற கூற்று, 2012-இல் வெளியான ஆய்வுச் சோதனைகளில் தோற்றுப்போனது.

படி 1: உங்கள் நோக்கத்தை ஒரே வரியில் எழுதுங்கள்

பேசப் போகும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்: அவர் என்ன செய்ய வேண்டும் என்று நான் விரும்புகிறேன்? அதனால் அவருக்கு என்ன நன்மை? இரண்டாவது கேள்விக்குப் பதில் வரவில்லை என்றால் நீங்கள் செய்யப் போவது ஏமாற்று வேலை, அங்கேயே நிறுத்திவிடுங்கள். இன்னொரு சோதனையும் உண்டு. "உன்னிடம் இன்ன காரணத்துக்காக இப்படிப் பேசினேன்" என்று பிறகு அவரிடமே உங்களால் சொல்ல முடிய வேண்டும். சொல்லக் கூசுகிற எந்த முறையையும் தொடாதீர்கள். கீழே வரும் எல்லாப் படிகளும் இந்தச் சோதனையில் தேறியவை என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

படி 2: அவருடைய சொற்களைச் சேகரியுங்கள்

முதல் சில நிமிடங்கள் நீங்கள் கேட்க மட்டும் வேண்டும். அவர் "அலுப்பாக இருக்கிறது" என்று சொன்னால் நீங்கள் அதை "மன அழுத்தம்" என்று திருத்தாதீர்கள். அவர் "பயம்" என்று சொல்லாத இடத்தில் நீங்கள் பயத்தைக் கொண்டுவராதீர்கள். அவருடைய சொல்லையே திருப்பிச் சொல்லும்போது, தான் சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டது என்று அவருக்குத் தெரிகிறது. கை கட்டினால் கை கட்டுவது, சாய்ந்தால் சாய்வது என்று உடலசைவை நகலெடுக்கச் சில பயிற்சிகள் சொல்கின்றன. புதிதாகப் பழகுபவர்கள் அதைச் செய்தால் கேலி செய்வதுபோல் தெரியும், விட்டுவிடுங்கள்.

படி 3: உள்ளதைச் சொல்லி உடன் நடங்கள், பிறகு அழைத்துச் செல்லுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. இதை மட்டும் கற்றாலே போதும் என்றுகூடச் சொல்வேன்.

கேட்பவர் மறுக்க முடியாத, அந்த நேரத்தில் உண்மையாக இருக்கிற இரண்டு மூன்று செய்திகளை முதலில் சொல்கிறீர்கள். ஒவ்வொன்றுக்கும் அவர் மனத்துக்குள் "ஆமாம்" என்கிறார். அந்த ஓட்டத்தின் முடிவில் நீங்கள் விரும்பும் செய்தியை மென்மையாகச் சேர்க்கிறீர்கள். தூக்கம் வராமல் புரளும் குழந்தையிடம் ஒரு தாய் பேசுவதைப் பாருங்கள்:

"விளக்கை அணைத்துவிட்டோம், கண்ணா. போர்வை கதகதப்பாக இருக்கிறது. மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்கிறது. நானும் பக்கத்தில்தான் இருக்கிறேன். இப்படியே கேட்டுக்கொண்டிருக்கும்போது கையும் காலும் மெல்ல மெல்லக் கனக்கத் தொடங்கும்."

முதல் நான்கு வாக்கியங்களும் குழந்தை தானே சரிபார்க்கக்கூடியவை. ஐந்தாவது மட்டும்தான் கருத்தேற்றம், அதாவது மனத்தில் ஒரு எண்ணத்தை விதைப்பது. "தூங்கு, தூங்கு" என்று பத்து முறை சொன்னால் குழந்தைக்குத் தெரிவது தான் இன்னும் தூங்கவில்லை என்பது மட்டுமே.

பெரியவர்களிடமும் இதே அமைப்புதான். நெஞ்சு வலியை அலட்சியம் செய்யும் தந்தையிடம் பேச வேண்டும் என்று வையுங்கள். வலி அந்த நேரத்திலேயே இருந்தால் பேச்சுக்கு இடமில்லை, உடனே அழைத்துச் செல்ல வேண்டும். வந்து போகும் வலி என்றால் இப்படித் தொடங்கலாம்:

"அப்பா, இதைப் பற்றி ஏற்கெனவே பேசிவிட்டோம். மறுபடியும் ஆரம்பிக்கிறேனே என்று உங்களுக்கு அலுப்பாக இருக்கும். மருத்துவமனையில் காத்திருப்பது உங்களுக்குப் பிடிக்காது. மாடி ஏறும்போது நடுவில் நிற்கிறீர்கள், அதை நீங்களும் கவனித்திருக்கிறீர்கள். அது என்ன என்று தெரிந்துகொண்டால் மனத்துக்கு ஒரு தெளிவு வரும்."

இதில் "ஆனால்" என்ற சொல் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். "உங்களுக்கு அலுப்பாக இருக்கும், ஆனால் போய்த்தான் ஆக வேண்டும்" என்று சொன்னால், முன்பகுதியில் காட்டிய பரிவெல்லாம் அந்தச் சொல்லோடு அழிந்துவிடும். "ஆனால்" வரும் இடத்தில் முற்றுப்புள்ளி வையுங்கள், அல்லது "அதோடு" என்று தொடருங்கள். தொடக்கத்தில் இது செயற்கையாகத் தோன்றும். சில வாரங்களில் பழகிவிடும்.

இங்கே நடக்கும் பெரிய தவறு, உண்மையல்லாத ஒன்றை உண்மைபோல் அடுக்குவது. "நீங்கள் இப்போது நிம்மதியாக உணர்கிறீர்கள்" என்று படபடப்போடு உட்கார்ந்திருப்பவரிடம் சொன்னால் அவர் உடனே விலகிவிடுவார். வெளியில் தெரிவதை மட்டும் சொல்லுங்கள். உள்ளே இருப்பதைப் பற்றிப் பேச நேர்ந்தால் "இருக்கலாம்", "தோன்றலாம்" என்ற சொற்களோடு பேசுங்கள்.

படி 4: வேகத்தைக் குறையுங்கள்

அவர் வேகமாகப் பேசினால் ஏறக்குறைய அதே வேகத்தில் தொடங்கிப் படிப்படியாக மெதுவாக்குங்கள். முக்கியமான வாக்கியத்துக்கு முன்னும் பின்னும் ஒரு மூச்சு விடும் நேரம் அமைதியாக இருங்கள். அந்த இடைவெளியை நிரப்பத் துடிக்கும் வாயை அடக்குவதே இதில் கடினமான பயிற்சி.

படி 5: வேண்டாததை விட்டு வேண்டியதைச் சொல்லுங்கள்

"பதறாதே" என்ற சொல்லைப் புரிந்துகொள்ளவே மனம் பதற்றத்தை ஒரு முறை எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. உளவியலாளர் டேனியல் வெக்னரும் குழுவினரும் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளைக் கரடியை நினைக்காமல் இருக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு அந்தக் கரடியே திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. ஆகவே "விழுந்துவிடாதே" என்பதற்குப் பதில் "கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கு" என்று சொல்லுங்கள். "மறந்துவிடாதே" என்பதற்குப் பதில் "சாவியைப் பையின் முன்பக்கத்தில் வை." தேர்வுக்குப் போகும் மகளிடம் "பயப்படாதே" என்பதைவிட "வினாத்தாள் கைக்கு வந்ததும் நன்றாகத் தெரிந்த ஒரு கேள்வியைத் தேடி எடுத்து அதிலிருந்து தொடங்கு" என்பது எவ்வளவோ மேல். முதல் வாக்கியம் அவளுக்கு ஒரு உணர்ச்சியைக் கொடுக்கிறது. இரண்டாவது கைக்கு ஒரு வேலையைக் கொடுக்கிறது.

படி 6: கேள்விக்குள் ஒளிந்திருக்கும் அனுமானத்தைக் கையாளுங்கள்

எந்தக் கேள்வியும் வெறும் கேள்வியாக வருவதில்லை. "எங்கிருந்து தொடங்கலாம்?" என்று கேட்டால், தொடங்கப் போகிறோம் என்பது கேட்கப்படாமலே ஏற்கப்பட்டுவிடுகிறது. "இதைச் செய்ய முடியுமா?" என்பதில் முடியாமல் போகலாம் என்ற வாசல் திறந்தே இருக்கிறது.

சொல் மாறினால் நினைவே மாறும் என்பதற்கு எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974-இல் வெளியிட்ட ஆய்வு நல்ல சான்று. கார் விபத்துப் படங்களைக் காட்டிவிட்டு, கார்கள் "மோதி நொறுங்கியபோது" என்ன வேகத்தில் போயின என்று சிலரிடம் கேட்டார்கள். "தொட்டுக்கொண்டபோது" என்று வேறு சிலரிடம் கேட்டார்கள். முதல் குழு சராசரியாக மணிக்கு 40 மைலுக்குச் சற்று மேல் என்றது, மற்றது 31.8 மைல் என்றது. அவர்கள் நடத்திய அடுத்த சோதனையில், ஒரு வாரம் கழித்து "உடைந்த கண்ணாடி பார்த்தீர்களா?" என்று கேட்டார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. "நொறுங்கிய" என்ற சொல்லைக் கேட்ட 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். "இடித்த" என்ற சொல்லைக் கேட்ட 50 பேரில் 7 பேர்தான்.

தமிழில் இதற்கு வசதியான கருவிகள் நம் நாக்கிலேயே இருக்கின்றன. "கார் ஓட்டக் கற்றுக்கொண்டால்" என்பது நடக்குமோ நடக்காதோ என்று விடுகிறது. "கற்றுக்கொண்ட பிறகு" என்பது நடந்தே முடிந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. "எனக்குக் கணக்கு வராது" என்று மகன் சொன்னால் மறுத்து வாதாடாதீர்கள். "இன்னும் வரவில்லை. எந்த இடம் வரைக்கும் வந்தது?" என்று கேளுங்கள். "இன்னும்" என்ற ஒரு சொல், மூடிய தீர்ப்பை நடந்துகொண்டிருக்கும் வேலையாக மாற்றிவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த கருவி இதுதான், பொய்யே கலக்காதது.

கேட்பவரைப் பேச வைக்கவும் இது உதவும். "வேறு ஒன்றும் இல்லையே?" என்று கேட்டால் இல்லை என்று சொல்லவே வாய் வரும். "வேறென்ன சொல்ல நினைத்தீர்கள்?" என்று கேட்டால் உள்ளே தங்கியிருப்பது வெளியே வரும். நோயாளிகளிடம் கடைசியாக ஒரு கேள்வி கேட்கும் மருத்துவர்களும், மாணவர்களிடம் கேட்கும் ஆசிரியர்களும் இதை அவசியம் பழக வேண்டும்.

எச்சரிக்கை ஒன்று. நடந்ததைத் தெரிந்துகொள்ளும் உரையாடலில் இந்தப் படியை அறவே தவிர்த்துவிடுங்கள். பள்ளியில் என்ன நடந்தது என்று சொல்ல வரும் குழந்தையிடம் "அவன் உன்னை எத்தனை முறை அடித்தான்?" என்று கேட்காதீர்கள். அடித்தானா என்றே இன்னும் தெரியாத நேரத்தில், உங்கள் சொல் அந்தக் குழந்தையின் நினைவில் போய்க் கலந்துவிடும். "என்ன நடந்தது? பிறகு?" என்பதோடு நிறுத்துங்கள்.

படி 7: மறுக்கும் உரிமையை வாய்விட்டுச் சொல்லுங்கள்

சுதந்திரம் பறிபோகிறது என்று தோன்றிய உடனே மனிதர்கள் முறுக்கிக்கொள்கிறார்கள். 1966-இல் ஜாக் பிரெம் இந்த எதிர்வினையை உளவியல் கோட்பாடாகவே வகுத்தார். அதைத் தணிக்கும் வழி வியப்பூட்டும் அளவுக்கு எளியது. பிரான்சில் நிக்கோலா கெகுவெனும் அலெக்சாந்தர் பாஸ்கலும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், பஸ்ஸுக்குச் சில்லறை கேட்டபோது 10 சதவீதம் பேர்தான் கொடுத்தார்கள். "ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம்" என்ற பொருளில் ஒரு வாக்கியம் சேர்த்ததும் 47.5 சதவீதம் பேர் கொடுத்தார்கள். பிறகு செய்யப்பட்ட ஏராளமான சோதனைகளும் இதே திசையையே காட்டின.

"முடிவு உங்களுடையதுதான்", "இப்போது பதில் சொல்ல வேண்டியதில்லை", "ஒத்துவரவில்லை என்றால் தாராளமாகச் சொல்லுங்கள்." இவற்றை மனமாரச் சொல்லுங்கள். அவர் "வேண்டாம்" என்று சொன்னால் முகம் சுளிக்காமல் ஏற்பதற்கும் தயாராக இருங்கள். அந்தத் தயார்நிலை இல்லாதவர் இந்த வாக்கியத்தைச் சொல்லக் கூடாது.

இதோடு சேர்ந்தது தேர்வு கொடுப்பது. "பல் தேய்த்துவிட்டுக் கதையா, கதை கேட்டுவிட்டுப் பல் தேய்ப்பதா?" என்று குழந்தையிடம் கேட்கலாம், இரண்டு வழியும் அதற்கு நல்லது. "இன்றே பணம் கட்டுகிறீர்களா, நாளை காலையா?" என்று வாங்குவதாகவே சொல்லாதவரிடம் கேட்பது தேர்வுபோல் வேடமிட்ட நெருக்கடி.

படி 8: காரணம் சொல்லுங்கள், உண்மையான காரணத்தை

எலன் லாங்கர் 1978-இல் வெளியிட்ட நகலெடுக்கும் இயந்திர ஆய்வை இந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள், பாதியை மட்டும். வரிசையில் முந்திக்கொள்ள அனுமதி கேட்டவர் 5 பக்கங்கள் என்று சொன்னபோது, காரணமே சொல்லாமல் கேட்டால் 60 சதவீதம் பேர் சம்மதித்தார்கள். அவசரம் என்று காரணம் சொன்னால் 94 சதவீதம். "ஏனென்றால் நகலெடுக்க வேண்டும்" என்ற பொருளற்ற காரணத்துக்கும் 93 சதவீதம். இதை வைத்து "ஏனென்றால்" என்பது ஒரு மந்திரச் சொல் என்று எழுதுகிறார்கள். அதே ஆய்வில் 20 பக்கங்கள் என்று கேட்டபோது, வெற்றுக் காரணத்தால் எந்தப் பயனும் கிடைக்கவில்லை. காரணம் சொல்லாததும் அதுவும் ஒரே அளவில், 24 சதவீதத்தில் நின்றன. உண்மையான காரணத்துக்கு 42 சதவீதம் பேர் இணங்கினார்கள். கேட்கும் உதவி பெரிதாகும்போது மக்கள் காரணத்தை எடை போடுகிறார்கள். உங்கள் வாழ்க்கையில் முக்கியமான உரையாடல்கள் எல்லாமே அந்த இருபது பக்க வகைதான்.

படி 9: சம்மதத்தை நாளோடும் இடத்தோடும் கட்டுங்கள்

"சரி, பார்க்கலாம்" என்பதோடு பேச்சு முடிந்தால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. இன்ன நேரத்தில், இன்ன இடத்தில், இன்னது செய்வேன் என்று முன்கூட்டியே தீர்மானித்தவர்கள் அதைச் செய்து முடிக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே "எந்தக் கிழமை உங்களுக்கு வசதி? காலையா, மாலையா? யார் கூட வந்தால் நல்லது?" என்று கேளுங்கள். பதிலை அவரே தன் வாயால் சொல்லட்டும். நீங்கள் நாள் குறித்துக் கொடுத்தால் அது மறுபடியும் உங்கள் திட்டமாகிவிடும்.

எங்கே பயன்படுத்தக் கூடாது

துக்கத்தில் இருப்பவரிடமும், மது அருந்தியவரிடமும், உங்களுக்குப் பயந்து நிற்பவரிடமும் இந்த முறைகளைக் கொண்டுபோகாதீர்கள். பணம், சொத்து, உறவு, உடல் பற்றிய சம்மதம் கேட்கும்போது நேரடியான, உடைத்த கேள்வி மட்டுமே தகும். ஒருவர் தெளிவாக மறுத்துவிட்டால் அது புதிய உத்திக்கான அழைப்பு அல்ல. மனநோய்க்கோ நீண்டகால வலிக்கோ ஹிப்னாடிசம் வேண்டும் என்றால் தகுதி பெற்ற மருத்துவரிடமோ உளவியலாளரிடமோதான் போக வேண்டும். வீட்டுப் பேச்சு சிகிச்சையாகாது.

உங்கள்மீது யாராவது பயன்படுத்தினால்

இவற்றைக் கற்றவர்களுக்குக் கிடைக்கும் பெரிய லாபம் இதுதான் என்பேன். சிறியதாக ஒன்றைக் கேட்டுச் சம்மதம் வாங்கி, அதன்மேல் பெரியதை ஏற்றுவது பழைய உத்தி. 1966-இல் ஜொனாதன் ஃப்ரீட்மனும் ஸ்காட் ஃப்ரேசரும் வெளியிட்ட ஆய்வில், பாதுகாப்பாக வண்டி ஓட்டுவது பற்றிய ஒரு பெரிய அறிவிப்புப் பலகையை வீட்டின் முன் நிறுத்த அனுமதி கேட்டபோது 17 சதவீதத்துக்கும் குறைவானவர்களே ஒப்புக்கொண்டார்கள். அதே கருத்துள்ள சிறு அட்டையை முன்பே வைக்க ஒப்புக்கொள்ளுமாறு கேட்கப்பட்டிருந்தவர்களில் 76 சதவீதம் பேர் பெரிய பலகைக்கும் இசைந்தார்கள்.

அடுத்தடுத்து "ஆமாம்" என்று சொல்லிக்கொண்டே போகிறீர்கள், எதிரில் இருப்பவர் இடைவெளி விடாமல் பேசுகிறார், இன்றே முடிவு வேண்டும் என்கிறார். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் எழுந்து நில்லுங்கள். உடல் இடம் மாறினால் கவனத்தின் குவியல் கலையும். "இதை எழுத்தில் கொடுங்கள், நாளைக்குப் பதில் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். குரலின் இழுப்பு இல்லாமல் தாளில் படிக்கும்போது எது செய்தி, எது அனுமானம் என்று தனித்தனியாகத் தெரியும். படிக்கும்போது, உங்களிடம் கேட்காமலே முடிவு செய்யப்பட்ட ஒவ்வொரு இடத்தின் கீழும் பென்சிலால் கோடு போடுங்கள். மறுநாள் அந்தக் கோடுகளைப் பற்றி மட்டும் கேள்வி கேளுங்கள்.